மிச்சிகன் வீட்டுப் புல்தரையில் வேர்ப்புழு: எந்த மருந்தை எந்த மாதத்தில் இடுவது

தென்கிழக்கு மிச்சிகனில் கேன்டன், நோவாய், டிராய் போன்ற ஊர்களில் முதன்முறையாகத் தனி வீடு வாங்கும் நம்மவர்களுக்குக் கூரை, ஃபர்னஸ், பேஸ்மென்ட் நீர்க்கசிவு ஆகியவற்றைப் பற்றி எச்சரிக்கப் பத்துப் பேர் இருப்பார்கள். வீட்டைச் சுற்றியிருக்கும் புல்தரையைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். செப்டம்பரில் பச்சைப் புல் திட்டுத் திட்டாகப் பழுப்பேறி, ஒரு காலையில் எழுந்து பார்க்கும்போது ஸ்கங்க், ரக்கூன் போன்ற விலங்குகள் தரையைக் கிளறிப் போட்டிருந்தால்தான் வேர்ப்புழு (ஆங்கிலத்தில் கிரப், புல்லின் வேரைத் தின்னும் வண்டின் இளம்புழு) என்ற பேச்சே எழும். அதன்பின் கடைக்குப் போனால், ஒரே மாதிரி வண்டுப் படம் போட்ட பைகள் அடுக்கியிருக்கும். அவற்றில் பாதி அந்த மாதத்தில் சல்லிக்காசுக்குப் பயன்படாதவை. கடைக்காரர் அதைச் சொல்வதில்லை. லேபிள்களிலும் பல்கலைக்கழகக் கையேடுகளிலும் அக்கம்பக்கத்தாரிடமும் துண்டு துண்டாகத் திரட்ட வேண்டியிருந்ததை, அடுத்து வருபவர்கள் அலையாமல் இருப்பதற்காக இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். மருந்தின் பிராண்டைவிட, அதிலுள்ள வேதிப்பொருளின் பெயரும் நாள்காட்டியும்தான் முக்கியம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. மருந்து வாங்குமுன் தோண்டிப் பாருங்கள்

புல் பழுப்பதற்குத் தண்ணீர்ப் பஞ்சம், நாயின் சிறுநீர், பூஞ்சை, சிஞ்ச் பூச்சி என்று பல காரணங்கள் உண்டு. ஆகவே புழுவைக் கண்ணால் பார்க்காமல் மருந்துக்குப் பணம் போடாதீர்கள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை பார்ப்பதற்கு ஏற்ற காலம். முதலில் பழுப்புத் திட்டின் ஓரத்தில் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வேர் அறுபட்டிருந்தால் பாயைச் சுருட்டுவதுபோல் புல் மண்ணைவிட்டு எழுந்து வரும்.

அடுத்து, மண்வெட்டியால் ஓர் அடிக்கு ஓர் அடி சதுரத்தில் மூன்று பக்கம் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல்போல விட்டுப் புல்லைப் பின்னுக்கு மடியுங்கள். வெளிப்படும் மண்ணை இரண்டு, மூன்று அங்குல ஆழம் வரை கையால் உதிர்த்துப் பார்த்தால், வெள்ளை உடலும் பழுப்புத் தலையும் மூன்று ஜோடிக் கால்களும் கொண்ட புழுக்கள் வளைந்து சுருண்டு கிடக்கும். எண்ணி முடித்ததும் புல்லைத் திரும்ப மூடி மிதித்து, தண்ணீர் விட்டால் அந்த இடம் தேறிவிடும். முழுக்கச் செத்துப்போன திட்டின் நடுவில் தோண்டுவதில் பயனில்லை, ஏனென்றால் தின்ன வேர் இல்லாத இடத்தைவிட்டுப் புழு நகர்ந்திருக்கும். பச்சையும் பழுப்பும் சந்திக்கும் விளிம்பில் நான்கைந்து இடங்களில் பாருங்கள்.

சதுர அடிக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் மருந்து தேவையில்லை. ஐந்து முதல் பத்து வரை இருந்தால், ஒழுங்காகத் தண்ணீர் பாயும், உயரமாக வெட்டப்படும் புல் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் விடாத மணல்பாங்கான தரை தாங்காது. பத்துக்கு மேல் என்றால் நடவடிக்கை எடுப்பது நல்லது. நன்கு பராமரிக்கப்பட்ட தரை இருபது புழுவைக்கூட வெளியே காட்டிக்கொள்ளாமல் சுமந்துகொண்டிருப்பதுண்டு; ஆனால் புழுவுக்காகத் தோண்டும் விலங்குகள் அந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை.

2. எந்த வண்டின் புழு என்று தெரிந்துகொள்ளுங்கள்

இங்கே பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று ஜப்பானிய வண்டு: பச்சைத் தலை, செப்பு நிற இறக்கை, வயிற்றோரம் வெள்ளை மயிர்க் குஞ்சங்கள், ஜூலையில் ரோஜா, திராட்சை, லிண்டன் இலைகளை நரம்பு மட்டும் மிஞ்சும்படி அரித்துவிடும். மற்றது ஐரோப்பியச் சேஃபர்: மங்கிய பழுப்பு வண்டு, ஜூன் கடைசியில் அந்தி சாயும் நேரத்தில் மரங்களைச் சுற்றிக் கூட்டமாகப் பறக்கும், இலைகளுக்குப் பெரிய சேதம் செய்யாது என்பதால் பலர் கவனிப்பதே இல்லை. புழுவாக இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிய, அதன் பின்முனையின் அடிப்புறத்தைக் கைபேசிக் கேமராவால் பெரிதாக்கிப் பாருங்கள். அங்குள்ள சிறு முட்களின் வரிசை குட்டையாகவும் இரு கோடுகள் ஒரு முனையில் கூடுவதுபோலவும் இருந்தால் ஜப்பானிய வண்டு. இரு வரிசைகள் நீளமாக இணையாகச் சென்று, கடைசியில் விரிந்து பிரிந்தால் சேஃபர்.

இந்த வேறுபாடு தெரிந்திருப்பது அவசியம், ஏனென்றால் சேஃபர் புழு குளிர் வந்த பின்னும் நெடுநாள் தின்னும், வசந்தத்தில் முந்திக்கொண்டு மேலே வரும். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அதிகச் சேதம் செய்யும். உறுதியாகத் தெரியவில்லை என்றால், தெளிவான படத்துடன் மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியின் எக்ஸ்டென்ஷன் பிரிவைக் கேளுங்கள். பொதுமக்களின் இத்தகைய கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் அவர்களின் பணிகளில் ஒன்று.

3. மாதத்தைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் வண்டுகள் மண்ணிலிருந்து வெளிவந்து புல்தரையில் முட்டையிடும். இரண்டு வாரங்களில் முட்டை பொரியும். ஆகஸ்டில் சிறு புழுக்கள் வேரைத் தின்னத் தொடங்கி, செப்டம்பர், அக்டோபரில் முழு வளர்ச்சி பெறும். குளிர்காலத்தில் உறைபனி எட்டாத ஆழத்துக்கு இறங்கி, ஏப்ரலில் மேலே வந்து சில வாரங்கள் தின்று, மே கடைசியை ஒட்டிக் கூட்டுப்புழுவாகும். மருந்துகள் அனைத்தும் இந்தச் சுழற்சியை ஒட்டியே வேலை செய்கின்றன.

முதல் வகை, வருமுன் காக்கும் மருந்து. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவரும் சிறு புழுவை இது கொல்லும். பெரிய புழுவை ஒன்றும் செய்யாது. குளோரான்ட்ரனிலிப்ரோல், இமிடாகுளோப்ரிட், குளோதியனிடின், தயாமீதாக்சம் ஆகிய பெயர்களில் ஒன்று லேபிளில் இருக்கும். உரிய காலத்தில் இட்டு, உரிய அளவு தண்ணீரும் பாய்ச்சினால் முக்கால் பங்குக்கு மேல், சில தரைகளில் ஏறக்குறைய முழுவதுமாகப் புழு ஒழியும்.

இவற்றில் குளோரான்ட்ரனிலிப்ரோலை நான் முதலில் பரிந்துரைப்பேன். ஊரில் நெல்லில் தண்டுத் துளைப்பானுக்கு இடும் குருணை மருந்து ஒன்றிலும் இதே வேதிப்பொருள்தான் இருக்கிறது என்பதால், விவசாயக் குடும்பத்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தேனீக்களுக்கும் மண்புழுக்களுக்கும் மற்றவற்றைவிடப் பெரிதும் தீங்கு குறைந்தது. ஆனால் தண்ணீரில் மெதுவாகக் கரைவதால் வேர்ப்பகுதிக்கு இறங்க நாளாகும். எனவே ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கத்துக்குள் இட்டுவிட வேண்டும். மண்ணில் மாதக்கணக்கில் தங்கும் என்பதால், அத்தனை முன்கூட்டி இட்டாலும் ஆகஸ்டில் பொரிக்கும் புழுவுக்குப் போதுமான அளவு மிஞ்சியிருக்கும்.

இமிடாகுளோப்ரிட் முதலான மற்ற மூன்றும் நியோனிக்கோட்டினாய்டு வகையைச் சேர்ந்தவை. இவை விரைவில் கரையும். அதே அளவுக்கு விரைவில் வலுவும் குறையும். ஆகவே ஜூன், ஜூலை மாதங்களே இவற்றுக்கு உரியவை. ஏப்ரலில் உரத்தோடு சேர்த்து இட்டுவிட்டால், புழு பொரிக்கும்போது மருந்து தேய்ந்து போயிருக்கும். தேனீக்களுக்கு இவை கொடியவை என்பதால் நியூ யார்க், நியூ ஜெர்சி, மேரிலாந்து போன்ற மாநிலங்களில் வீட்டுப் புல்தரையில் இவற்றை இடுவதற்குச் சட்டக் கட்டுப்பாடு இருக்கிறது. அங்கிருக்கும் உறவினர் இந்தக் கட்டுரையைப் பார்த்து வாங்குவதானால், தம் மாநில விதியை முதலில் பார்க்கட்டும்.

இரண்டாம் வகை, வந்த புழுவைக் கொல்லும் மருந்து. ட்ரைகுளோர்ஃபான், கார்பரில் என்ற இரண்டு பெயர்கள்தான் இங்கே பொருட்படுத்தத் தக்கவை. தோண்டிப் பார்த்துப் புழுவைக் கண்டபின், ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் இட வேண்டியவை. ட்ரைகுளோர்ஃபான் சில நாள்களில் வேலை செய்து, விரைவில் சிதைந்தும் விடும். கார்பரில் மெதுவானது, மண்புழுக்களையும் சேர்த்துக் கொல்லும். இவற்றின் பலன் முன்சொன்ன வகையைவிடக் குறைவு. புழு முற்றியிருந்தால் பாதிகூடச் சாகாது. தரை கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கும்போது மட்டுமே இவற்றை நாட வேண்டும். ஆண்டுதோறும் வழக்கமாக இடத் தக்கவை அல்ல.

மக்கள் அதிகம் பணத்தை இழக்கும் இடங்கள் இந்தத் தேர்வில்தான் இருக்கின்றன. ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகு வருமுன் காக்கும் மருந்தை வாங்குவது வீண். ஆனாலும் செப்டம்பர் முழுதும் அது கடையில் இருக்கும், தள்ளுபடி விலையிலும் கிடைக்கும். ஏப்ரலில் கண்ணில் படும் கொழுத்த புழுவைப் பார்த்துப் பதறி அதே மருந்தை இட்டால் அந்தப் புழு சாகாது. குளோரான்ட்ரனிலிப்ரோலாக இருந்தால் அடுத்த தலைமுறைக்காவது உதவும். பைஃபென்த்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகளின் பையில் நீண்ட பூச்சிப் பட்டியலே இருக்கும். ஆனால் அவை புல்லுக்கும் மண்ணுக்கும் இடையேயுள்ள சருகு அடுக்கில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்குவதில்லை, ஆகவே எறும்புக்கும் உண்ணிக்கும் பயன்படுவதுபோல் வேர்ப்புழுவுக்குப் பயன்படா. மில்க்கி ஸ்போர் என்ற நுண்ணுயிர்ப் பொடி ஜப்பானிய வண்டின் புழுவுக்கு மட்டுமே உரியது. அதிலும் பலன் நிச்சயமில்லை. தோட்டத்தில் தொங்கவிடும் வண்டுப் பொறியோ, பிடிக்கும் வண்டுகளைவிட அதிகமானவற்றை உங்கள் வீட்டுக்கு வரவழைக்கும். அதை அன்பளிப்பாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

4. லேபிளைப் படித்து, எடுத்து வையுங்கள்

பூச்சிக்கொல்லியின் லேபிள் இந்நாட்டில் சட்டபூர்வ ஆவணம். அதில் சொல்லியதற்கு மாறாகப் பயன்படுத்துவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கடையில் நிற்கும்போதே பையின் முன்பக்க அடியில் ஆக்டிவ் இன்கிரீடியன்ட் என்ற சிறு எழுத்துப் பகுதியில் மேற்சொன்ன பெயர்களில் எது இருக்கிறது என்று பாருங்கள். ஒரே நிறுவனம், ஒரே நிறப் பையில், வருமுன் காக்கும் மருந்தையும் வந்தபின் கொல்லும் மருந்தையும் விற்கும். அடுத்து, எத்தனை சதுர அடிக்கு ஒரு பை, ஆண்டுக்கு எத்தனை முறை இடலாம், எத்தனை அங்குலம் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், குழந்தைகளும் நாயும் எப்போது தரையில் இறங்கலாம் என்ற நான்கையும் படித்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் லேபிளின் எல்லாப் பக்கங்களையும், இபிஏ (கூட்டாட்சி அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) பதிவு எண் தெரியும்படி, படமெடுத்து வையுங்கள். யாராவது மருந்தை வாயில் போட்டுக்கொண்டால் 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண்ணில் முதலில் கேட்கப்படுவது மருந்தின் பெயராகத்தான் இருக்கும். அப்போது கராஜில் பையைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் குடியிருப்பில் எச்ஓஏ என்ற வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அதன் விதிகளையும் ஒருமுறை பாருங்கள், குறிப்பாக வீட்டுக்குப் பின்னால் பொதுக் குளம் இருந்தால்.

சொந்தப் புல்தரையில், கடையில் பொதுவாகக் கிடைக்கும் மருந்தை இட உங்களுக்கு உரிமம் தேவையில்லை. ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் எதையும் கொண்டுவந்து இடாதீர்கள். குளோர்பைரிஃபாஸ் போன்றவை இங்கே வீட்டு உபயோகத்திலிருந்து எப்போதோ விலக்கப்பட்டுவிட்டன.

5. அளந்து, செலவைக் கணக்கிடுங்கள்

மனையின் பரப்பும் புல்தரையின் பரப்பும் வேறு. கால் ஏக்கர் என்பது 10,890 சதுர அடி. அதில் வீடு, டிரைவ்வே, டெக், பாத்திகள் போக மீதிதான் புல். வீடு வாங்கியபோது குளோசிங் ஆவணங்களோடு மார்ட்கேஜ் சர்வே வரைபடம் வந்திருந்தால் அதில் மனை அளவும் கட்டடத்தின் அளவும் இருக்கும்; இல்லையென்றால் இணைய வரைபடத்தின் அளவுக் கருவியால் புல்லின் ஓரத்தைச் சுற்றிப் புள்ளிவைத்து அளந்துவிடலாம். பெரும்பாலான பைகள் 5,000 சதுர அடிக்கு உரியவை. 7,000 சதுர அடிக்கு ஒரே பையை மெலிதாகப் பரப்புவது கெட்ட சிக்கனம். மருந்தும் வீண், புழுவும் மிஞ்சும். அதற்குப் பதிலாக, வெயில் படும், சென்ற ஆண்டு சேதமான பகுதிக்கு மட்டும் முழு அளவில் இடுங்கள். மரநிழல் அடர்ந்த இடத்தில் வண்டு குறைவாகவே முட்டையிடும்.

குளோரான்ட்ரனிலிப்ரோல் பை ஒன்று பெருங்கடைகளில் ஏறத்தாழ 25 முதல் 40 டாலர் வரை. ட்ரைகுளோர்ஃபான் பையும் அதை ஒட்டியே இருக்கும். குருணையைத் தூவ, தள்ளிச் செல்லும் ஸ்ப்ரெடர் 40 முதல் 60 டாலர். பக்கத்து வீட்டாரிடம் நிச்சயம் ஒன்று இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். உரமும் மருந்தும் கலந்த பை மலிவாகத் தோன்றினாலும், உரத்துக்கு உரிய மாதமும் மருந்துக்கு உரிய மாதமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதால் நான் தனித்தனியாகவே வாங்குகிறேன்.

6. மருந்து இடும் நாள்

முந்தின நாள் புல்லை வெட்டிவிடுங்கள். குளோவர், டேன்டிலியன் போன்ற களைகள் பூத்திருந்தால் பூக்கள் வெட்டுப்பட்டுப் போகும். தேனீக்கள் வந்து மருந்தைத் தொடாது. மறுநாள் காற்றில்லாத காலையில், கையுறையும் மூடிய காலணியும் அணிந்து, ஸ்ப்ரெடரைச் சிமெண்டுத் தரையில் நிறுத்தி நிரப்புங்கள். சிந்தினால் கூட்டி அள்ள முடியும். லேபிளில் உங்கள் ஸ்ப்ரெடர் மாடலுக்குக் கொடுத்துள்ள எண்ணைவிடக் குறைத்து, பாதி அளவு விழும்படி வைத்து, வடக்குத் தெற்காக ஒருமுறையும் கிழக்கு மேற்காக ஒருமுறையும் நடந்தால் எங்கும் கோடு விழாது.

டிரைவ்வேயிலும் நடைபாதையிலும் விழுந்த குருணைகளைத் துடைப்பத்தால் புல்லுக்குள் தள்ளுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் அது தெருவோர மழைநீர் வடிகால் வழியாக ஏரிக்குத்தான் போகும். நம் வீடுகளில் பின்புறம் கத்தரி, வெண்டை, கீரைப் பாத்தி இல்லாமல் இருக்காது. இந்தப் பைகள் புல்தரைக்கென விற்கப்படுபவை, சில மருந்துகள் செடிக்குள் ஊடுருவவும் கூடியவை. பாத்தியின் ஓரத்தில் சில அடி விட்டு நிறுத்துங்கள்.

7. அரை அங்குலம் தண்ணீர்

மருந்து சரியாக இருந்தும் பலன் இல்லாமல் போவதற்கு முதற் காரணம் இதுதான். குருணை புல்லின் மேலே கிடக்கும் வரை புழுவுக்கு எதுவும் ஆகாது. இட்ட அன்றே அரை அங்குலம் தண்ணீர் பாய வேண்டும். அதை அறிய, ஸ்பிரிங்க்ளர் எட்டும் இடங்களில் மூன்று நான்கு காலி டூனா டப்பாக்களை வைத்து, அவற்றில் சராசரி அரை அங்குலம் நிற்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழாயோடு இணைத்த சிறு ஸ்பிரிங்க்ளரில் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். 5,000 சதுர அடிக்கு அரை அங்குலம் என்பது சுமார் 1,560 கேலன், அதாவது 208 கன அடி. தண்ணீர்க் கட்டணத்தில் நூறு கன அடி கொண்ட யூனிட்டாகக் கணக்கிடும் ஊர்களில் ஏறக்குறைய இரண்டு யூனிட்.

மழை வரும் நாளுக்கு முந்தின மாலை இட்டுச் செலவை மிச்சப்படுத்தலாம், ஆனால் மிதமான மழையாக இருக்க வேண்டும். இடிமழையில் மருந்து அடித்துச் செல்லப்படும். செப்டம்பரில் மண் காய்ந்து இறுகியிருந்தால் புழு ஆழத்தில் இருக்கும். முந்தின நாளே தண்ணீர் விட்டு அதை மேலே வரச்செய்து, பிறகு ட்ரைகுளோர்ஃபானை இடுங்கள். தண்ணீர் பாய்ந்து, புல் முழுதும் காயும் வரை குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் உள்ளே இருக்கட்டும்.

8. நிறுவனத்திடம் விடுவதானால்

கூலிக்கு மருந்து இடும் நிறுவனம், மாநில வேளாண்மைத் துறையான எம்டார்டின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். இட்டபின் புல்தரையில் சிறு அறிவிப்புப் பலகை நட வேண்டும். விலை கேட்கும்போது எந்த வேதிப்பொருள், எந்த வாரத்தில், தண்ணீர் பாய்ச்சுவது யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். செப்டம்பர் கடைசியில் எங்கள் கதவைத் தட்டிய ஒரு விற்பனையாளர், வந்த புழுவுக்கென்று இமிடாகுளோப்ரிடுக்கு விலை சொன்னார். வேதிப்பொருளின் பெயரை எழுதித் தாருங்கள் என்றதும் துண்டுச் சீட்டை மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். தோண்டிக்கூடப் பார்க்காமல், ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் வேர்ப்புழு மருந்தைச் சேர்த்துவிடுவதும் பரவலாக நடக்கிறது. கையெழுத்திடுமுன் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

9. பாழான இடத்துக்கு விதையும், மறு ஆண்டுக் கணக்கும்

வேர் போன இடம் தானாகத் தழைக்கக் காத்திருந்தால் களைதான் முந்தும். ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை விதைக்க ஏற்ற காலம். செத்த புல்லை வாரியெடுத்து, மண்ணைக் கீறி, விதை தூவி, முளைக்கும் வரை மேல்மண் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் அதிகமும் தண்ணீர் குறைவுமான இடத்தில், ஆழமாக வேர்விடும் டால் ஃபெஸ்க்கூ என்ற புல் வகை புழுவை நன்றாகத் தாங்கும். ஆண்டு முழுதும் மூன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டுங்கள்; கம்பளம்போல ஒட்ட வெட்டிய புல்லின் வேரும் ஆழமில்லாமல்தான் இருக்கும்.

மிஞ்சிய மருந்தைப் பையோடு மூடி, ஈரம் படாத, குழந்தைகளுக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். வேண்டாத மருந்தைக் குப்பையில் போடாமல், மாநிலத்தின் கிளீன் ஸ்வீப் சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடலாம்.

ஒருமுறை இட்டுவிட்டதால் ஒவ்வோர் ஆண்டும் இட வேண்டும் என்பதில்லை. மிச்சிகனின் தென்பகுதியில் ஜப்பானிய வண்டைத் தாக்கும் ஓவாவெசிகுலா என்ற நுண்ணுயிர் பரவியிருப்பதால், பல இடங்களில் அந்த வண்டு முன்னளவுக்குப் பெருகுவதில்லை. அக்டோபர் தொடக்கத்தில் அதே நான்கைந்து இடங்களில் மீண்டும் தோண்டி, எண்ணிக்கையையும் இட்ட மருந்தின் பெயரையும் தேதியையும் லேபிள் படங்களோடு ஒரே இடத்தில் குறித்து வையுங்கள். எங்கும் ஐந்தைத் தாண்டவில்லை என்றால் அடுத்த ஏப்ரலில் பை வாங்க வேண்டியதில்லை.